‘பயிற்சி பெற்ற கை’ என்று எதைப் பார்த்துச் சொன்னீர்கள்?

தமிழ்நாடு–கேரள எல்லையான வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இயங்கும் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும், இரவு விவாதங்களில் ‘பாதுகாப்பு வல்லுநர்’ என்ற அடைமொழியோடு வந்து அமர்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடியிருக்கும் தமிழன். ராணுவத்தில் ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆர்மரர் என்றால் ஆயுதங்களைப் பிரித்து, துடைத்து, பழுது நீக்கித் திருப்பிக் கொடுப்பவர். நான் சுட்டதைவிட, மற்றவர்கள் சுட்ட துப்பாக்கிகளை மேசையில் பிரித்துப் பரப்பிப் பார்த்ததே அதிகம். எங்கள் வீட்டில் முதலில் மலையாளச் செய்தி ஓடும், பிறகு தமிழ்ச் செய்தி. ஒரே குற்றத்தை இரண்டு மாநிலத்துக் கண்ணாலும் பார்க்கும் பாக்கியம் எல்லையில் இருக்கிறவர்களுக்குத்தான் வாய்க்கும்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு கடை வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் ஊரையும் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். உங்களுக்கு நினைவிருக்கும், அன்று இரவு முழுவதும் அதைத்தான் ஓட்டினீர்கள். கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருக்கிறார். பைக்கில் வந்த இருவரில் பின்னால் இருந்தவன் இறங்கி வந்து இரண்டு முறை சுடுகிறான். ஒரு குண்டு கடைக்காரரின் தோளில் பாய்ந்தது, மற்றொன்று ஷட்டரைத் துளைத்தது. அவர் பிழைத்துக்கொண்டார், இப்போது கடை திறக்கிறார். படத்தின் மொத்த நீளம் 9 வினாடி.

அந்த 9 வினாடியை நீங்கள் ஒரு முழு விவாதமாக இழுத்தீர்கள். சிவப்பு வட்டம் போட்டீர்கள், அம்புக்குறி போட்டீர்கள், வேகத்தைக் குறைத்தீர்கள், பின்னால் தடதடவென்று இசை சேர்த்தீர்கள். மலையாளத்தில் பேசியவர் “தமிழ்நாட்டிலிருந்து இறக்கப்பட்ட கூலிப்படை” என்றார். தமிழில் பேசியவர் “கேரளத்துக் கொட்டேஷன் கும்பல்” என்றார், அதாவது அங்கத்திய கூலிப்படை. நதிநீரில் தொடங்கி நாய்க்கடி வரை ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின: சுட்டவன் பயிற்சி பெற்றவன். நிற்கும் நிலையைப் பாருங்கள், இரண்டு கையால் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள், முன்னாள் ராணுவத்தினனாக இருக்கலாம், ரைஃபிள் கிளப்பில் பழகியவனாகவும் இருக்கலாம்.

எங்கள் பகுதியில் துப்பாக்கி தெரிந்தவர்கள் யார் யார் என்பது ரகசியம் ஒன்றுமில்லை. தேர்தல் வந்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறோம். பட்டியல் அங்கேயே இருக்கிறது. 2022 மே மாதம் முதல் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்களே அனுமதி தரலாம் என்று கேரள அரசு முடிவு செய்த பிறகு, உரிமம் உள்ள விவசாயிகள் சிலருக்கு இரவில் அழைப்பு வருகிறது; அந்தப் பட்டியலும் பஞ்சாயத்தில் இருக்கிறது. இவர்களோடு என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள், கிளப்பில் பழகும் பிள்ளைகள். உங்கள் விவாதம் முடிந்த மறுநாள் காலையிலேயே விசாரணை எங்கள் பக்கம் திரும்பியது. காவல்துறையை நான் குறை சொல்லவில்லை. ஊரே ஒரு திசையில் கைகாட்டும்போது அந்தத் திசையில் போய்ப் பார்க்காவிட்டால் அதற்கும் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

என் பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரியில் படிக்கிறான். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறான், பல்கலைக்கழகப் போட்டிக்குப் போயிருக்கிறான். அவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். மரியாதையாகவே நடத்தினார்கள், நாற்காலி கொடுத்தார்கள் என்று அவனே சொன்னான். செல்போனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாலைக்குள் வாட்ஸ்அப் குழுக்களில் அவன் பெயர் சுற்றத் தொடங்கிவிட்டது. ஒரு கண்ணை மறைக்கும் தடுப்போடு கையை நீட்டி நிற்கும் அவனுடைய பயிற்சிப் படம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து, முகத்தை மங்கலாக்கி, உங்களில் ஒருவர் ஒளிபரப்பினீர்கள். அந்தப் பச்சை ஜெர்சியும் முழங்கையில் இருக்கும் தழும்பும் எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். முகத்தை மங்கலாக்கி என்ன பயன்? அவனுடைய அம்மா அந்த வாரம் முழுவதும் பால் சொசைட்டிக்குப் போகவில்லை.

பிறகு ஒருவர் கைதானார். கடைக்காரரிடம் முன்பு வேலை பார்த்தவர், சம்பளத் தகராறு என்றது காவல்துறை. ராணுவத்தில் இருந்தவரில்லை, கிளப்பில் பழகியவரில்லை, எல்லை தாண்டி வந்தவருமில்லை. அவர் குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லும்.

உங்கள் ஊகம் பொய்த்துப்போனது என்பதல்ல என் புகார். பலித்திருந்தாலும் இதையே எழுதியிருப்பேன். நீங்கள் தேடிய பதில் அந்தப் படத்துக்குள் இருக்கவே வழியில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் கேமராவைப் பாருங்கள். கடைகளில் மாட்டும் கேமராக்களில் பெரும்பாலும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ்தான் இருக்கும். ஷட்டர், நடைபாதை, சாலை எல்லாவற்றையும் ஒரே பார்வையில் அடக்குவதற்காக மாட்டுவது அது. இந்த அகலப் பார்வைக்கு ஒரு குணம் உண்டு: அருகில் இருப்பதைப் பெரிதாக்கும், சற்றுத் தள்ளி இருப்பதை வெகுதூரத்துக்குத் தள்ளிவிடும். இரண்டு மூன்று எட்டில் நிற்பவன் பத்தடி தள்ளி நிற்பது போலத் தெரிவான். உங்கள் வல்லுநர் “இவ்வளவு தூரத்திலிருந்து தோளில் அடித்திருக்கிறான்” என்று வியந்த தூரத்தை நான் அந்தக் கடை வாசலில் நின்று பார்த்தேன். கையை நீட்டினால் ஷட்டர் பூட்டைத் தொட இன்னும் ஓர் எட்டுதான் வேண்டும்.

அடுத்தது, படத்தில் எவ்வளவு தெரியும் என்ற கணக்கு. முழு எச்.டி. கேமராவில் படத்தின் அகலம் 1,920 புள்ளிகள் (பிக்சல்கள்). அந்த லென்ஸ் ஐந்து மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 12 மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. அப்படியானால் ஒரு மீட்டருக்குச் சுமார் 160 புள்ளிகள். 18 சென்டிமீட்டர் நீளமுள்ள கைத்துப்பாக்கி சுமார் 30 புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். கட்டைவிரலின் பருமனுக்கு மூன்று புள்ளி. அந்த மூன்று புள்ளியை வைத்துக்கொண்டுதான் “கட்டைவிரலை வைத்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள், இது ராணுவப் பிடி” என்று ஒருவர் சொன்னார். அதுவும் அவர் பார்த்தது மூலப் பதிவை அல்ல. மானிட்டருக்கு முன்னால் செல்போனைப் பிடித்து யாரோ எடுத்து, பத்துக் குழுக்கள் கைமாறி, ஒவ்வொரு கையிலும் இன்னும் கொஞ்சம் சுருங்கி வந்த நகலை.

வேகத்துக்கு வருவோம். சேமிப்பு இடத்தை மிச்சப்படுத்த வினாடிக்கு 15 படங்கள் என்று வைத்துவிடுவது கடைகளில் சாதாரணம். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு. பிஸ்டலின் ஸ்லைடு, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம், பின்னால் போய், சுட்ட தோட்டாவின் காலி உறையைத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றி முன்னால் வந்து நிற்க அவ்வளவு நேரம்கூட ஆகாது. முதல் படத்தில் ஸ்லைடு முன்னால் இருக்கும், அடுத்த படத்திலும் முன்னால் இருக்கும். நடுவில் நடந்தது பதிவாகாமலே போயிருக்கலாம். குழல் முனையில் தெறிக்கும் நெருப்பு அதைவிடக் குறைந்த நேரமே இருப்பது. தெரிந்தால் அதிர்ஷ்டம். ஒலியும் இல்லாத இந்த வகைப் படத்தை வைத்து எத்தனை முறை சுட்டான் என்று எண்ணுவதே சந்தேகத்துக்குரியது. 15 படங்களாகப் பதிவானதை 25 படங்களாக ஓட்டும் மென்பொருளில் போட்டால் 9 வினாடி ஐந்தரை வினாடிக்குள் சுருங்கிவிடும். அப்போது பதறிக்கொண்டு நடப்பவனும் ‘மின்னல் வேகத்தில் இயங்கும் கமாண்டோ’ ஆகிவிடுவான்.

சரி, அந்தப் படத்தில் ஒன்றுமே தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரிகிறது. இரண்டு இடங்களைச் சொல்கிறேன், இரண்டையும் உங்கள் மேடையில் தலைகீழாக வாசித்தார்கள்.

முதல் சூட்டுக்குச் சற்று முன் குழல் முனை கீழே இறங்கியது போலத் தோன்றுகிறது. இதை ‘அதிர்வைக் கட்டுப்படுத்தும் உத்தி’ என்றார்கள். புதிதாகச் சேர்ந்த வீரர்களுக்கு வகுப்பெடுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெடிக்கப் போகிறது, கை உதறப் போகிறது என்ற அச்சத்தில் கை முன்கூட்டியே கீழே அழுத்தும். தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் ஒரு போலித் தோட்டாவை அவர்களுக்குத் தெரியாமல் கலந்து வைப்பார்கள். விசையை இழுத்ததும் வெடிக்காது. ஆனால் குழல் மட்டும் தானாகக் குனிந்து எழும். வரிசையில் நிற்கும் எல்லாரும் சிரிப்பார்கள். அதை வைத்து இவன் புதியவன் என்று நான் சொல்லலாமா? மாட்டேன். பல ஆண்டு சுட்டவர்களிடமும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தவிர, பதினைந்தில் ஒரு பங்கு வினாடி இடைவெளியில் கை இறங்கியது விசையை இழுப்பதற்கு முன்பா பின்பா என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

இரண்டாவது சூட்டுக்குப் பிறகு அவன் ஸ்லைடைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறான், ஏதோ ஒன்று தரையில் விழுகிறது. “சிக்கிய தோட்டாவைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அகற்றுகிறான், இது சிறப்புப் படைப் பயிற்சி” என்றார் ஒருவர். ஓர் ஆர்மரருக்கு அங்கே எழும் கேள்வியே வேறு: விழுந்தது என்ன? காலி உறையென்றால் துப்பாக்கி அதை வெளியே தள்ளத் தவறியிருக்கிறது. உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கியோ அதன் சுருள்வில்லோ தேய்ந்திருக்கலாம். முழுத் தோட்டாவாக இருந்து அதன் அடியில் ஊசி குத்திய பள்ளம் இருந்தால் தோட்டா கெட்டுப்போனது. முழுத் தோட்டா, பள்ளமும் இல்லை என்றால் ஒன்றும் சிக்கவே இல்லை. பதற்றத்தில் நல்ல தோட்டாவைக் கீழே போட்டிருக்கிறான். மூன்றில் எது என்பது தரையில் கிடந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அதை எடுத்தது காவல்துறை. கவரில் போட்டு முத்திரை வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்கள் அனைவரும் ஸ்டுடியோவில் இருந்தீர்கள்.

இதே கூத்து பெரிய அளவில் அமெரிக்காவிலும் நடந்தது. 2024 டிசம்பர் 4 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில், மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் தலைமை நிர்வாகியான பிரையன் தாம்சன் ஓட்டல் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கேமராவில் எல்லாம் பதிவானது. சுட்டவன் ஒவ்வொரு முறையும் கையால் ஸ்லைடை இழுத்துவிட்டுத் தொடர்ந்து சுடுகிறான். உடனே உலகம் முழுவதும் வல்லுநர்கள் முளைத்தார்கள். இது கால்நடை மருத்துவர்களுக்கான ஓசையற்ற தனி வகைத் துப்பாக்கி, இரண்டாம் உலகப் போரில் ஒற்றர்கள் வைத்திருந்ததன் வாரிசு, இவ்வளவு நிதானம் தொழில்முறைக் கொலையாளிக்கே வரும் என்றெல்லாம் பேசினார்கள். ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 9 அன்று, பென்சில்வேனியாவின் ஆல்டூனா நகரத்து உணவகம் ஒன்றில் 26 வயது இளைஞர் கைதானார். அவரிடம் முப்பரிமாண அச்சில் செய்த பாகங்கள் கொண்ட கைத்துப்பாக்கியும் ஒலியடக்கியும் இருந்ததாகக் காவல்துறை சொன்னது. குழலின் முனையில் ஒலியடக்கியின் எடை ஏறும்போது, அதற்கு ஈடு கொடுக்கும் சுருள்வில் அமைப்பு இல்லையென்றால் பல பிஸ்டல்கள் தாமாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளாது. கையால்தான் இழுக்க வேண்டும். ஒரே அசைவைக் கொலைத் தொழிலின் நுட்பம் என்றும் வாசிக்கலாம், சரியாக வேலை செய்யாத துப்பாக்கி என்றும் வாசிக்கலாம். படம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. பார்த்தவர்கள் சுவையான பக்கம் சாய்ந்தார்கள்.

சுட்ட குண்டு பட்டிருக்கிறதே, குறி தெரியாதவனால் முடியுமா என்பது உங்கள் மேடைகளில் நான் கேட்கும் இன்னொரு வாதம். குறி பார்ப்பது என்பது தூரம் இருந்தால்தான் பேச வேண்டிய சங்கதி. காவல் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 3 அடி முதல் 15 அடி வரையிலான தூரத்தில் துப்பாக்கிப் பழக்கமே இல்லாதவர்களுக்கும் முறையாகப் பயின்றவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. கிட்டத்தில் புதியவன் குண்டும் படும். 2021இல் கோதமங்கலத்தில் ஒரு பல் மருத்துவ மாணவியைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டவன் எந்தப் படையிலும் இருந்ததில்லை. பீகாரிலிருந்து துப்பாக்கி வாங்கி வந்தவன். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் வஞ்சியூரில் கூரியர் கொண்டுவந்தவரைப் போல முகத்தை மறைத்து வந்த ஒரு பெண், ஏர் பிஸ்டலால் இன்னொரு பெண்ணைச் சுட்டுக் காயப்படுத்தினார். இரண்டே நாளில் கைதானவர் ஒரு மருத்துவர். இணையத்தில் காணொளி பார்த்துப் பழகினார் என்றது காவல்துறை.

குறி தவறினால் சுட்டவன் கற்றுக்குட்டி என்பதும் அதே அளவுக்குத் தவறு. நியூயார்க் நகரக் காவல்துறையின் துப்பாக்கிப் பயிற்சியை ஆராய்ந்து 2008இல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் தந்த அறிக்கையில், 1998 முதல் 2006 வரை எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் காவலர்கள் சுட்டதில் இலக்கில் பட்டது சராசரியாக 18 சதவீதம். திருப்பிச் சுடாதபோதும் 30 சதவீதம்தான். சம்பளம் கொடுத்து, ஆண்டுதோறும் தேர்வு வைத்து வளர்த்தவர்களின் கணக்கு இது. அவர்களில் ஒருவர் சுட்டுத் தவறவிட்ட காட்சியை முகத்தை மறைத்து உங்களிடம் கொடுத்தால், ‘அனுபவமில்லாத ரவுடி’ என்று எழுதி அனுப்பிவிடுவீர்கள்.

நீங்கள் விரும்பிச் செய்யும் இன்னொரு வேலை, மெதுவாக ஓட்டிக் காட்டுவது. அதில் தெளிவு கூடுகிறது என்று நினைக்கிறீர்கள். 2016இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. கடையில் நடந்த ஓர் உண்மையான துப்பாக்கிச் சூட்டின் கேமராப் பதிவைச் சிலருக்கு இயல்பான வேகத்திலும் சிலருக்கு மெதுவாகவும் காட்டினார்கள். மெதுவாகப் பார்த்தவர்கள், சுட்டவன் யோசித்துத் திட்டமிட்டுச் சுட்டான் என்று சொல்லும் சாய்வு கூடியது. உண்மையில் எவ்வளவு நேரம் கடந்தது என்பதைத் திரையிலேயே எழுதிக் காட்டியும், இரண்டு வேகத்திலும் காட்டியும்கூட அந்தச் சாய்வு முழுவதும் நீங்கவில்லை. மெதுவாக்கும்போது அவனுக்கு இல்லாத அவகாசத்தை நாம் அவனுக்குக் கொடுக்கிறோம். அரை வினாடிப் பதற்றம் ஐந்து வினாடி நிதானமாக மாறுகிறது. அதற்கு மேல் இசையையும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம்.

விளையாட்டு வீரர்களைச் சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு சுட்டு வெள்ளி வாங்கினார். நம் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வென்ற அதே கலப்பு அணிப் போட்டி. ‘வாடகைக் கொலையாளியை அனுப்பிவிட்டார்கள்’ என்று இணையமே கிண்டலடித்தது. ஒரு கையால் மட்டும் சுடும் ஆட்டம் அது. சும்மா இருக்கும் கை உடலை அசைத்துவிடாமல் இருக்க அதைப் பையிலோ இடுப்பிலோ வைப்பது அந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் செய்வது. தனிநபர் போட்டியின் தகுதிச் சுற்றில் 60 முறை சுட 75 நிமிடம் கொடுப்பார்கள். 10 மீட்டர் தள்ளி இருக்கும் நடு வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். மூச்சை அடக்கி, அசையாமல் நின்று, மனம் ஒப்பாவிட்டால் கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்குவதுதான் அங்கே திறமை. எங்கள் பையன் கற்றது இதைத்தான். இருட்டில் பைக்கிலிருந்து குதித்து இரண்டு கையால் பிடித்துச் சுடுபவனிடம் இந்தப் பயிற்சியின் சாயலைக் கண்டேன் என்று சொன்னவர் ஏர் பிஸ்டல் போட்டியை ஒருமுறையாவது பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தெளிவான, மூல வேகத்தில் உள்ள, நீண்ட பதிவு கிடைத்தால் பழகிய கை சில அடையாளங்களைக் காட்டும். குறி வைக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருப்பது, கூட வந்தவன் பக்கம் குழல் திரும்பாதது, பார்வையை இறக்காமல் மேகசின் மாற்றுவது. இவற்றைப் பார்த்து ‘இந்த அசைவை இவன் பலமுறை செய்திருக்கிறான்’ என்று சொல்லலாம். எங்கே செய்தான், யார் கற்றுக்கொடுத்தார், எந்த மாநிலம் என்பதெல்லாம் அதற்கு மேல் போகும் பேச்சு. ஒருவன் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, அவனுக்குக் கற்றுக்கொடுத்தது மாமாவா சித்தப்பாவா என்று சொல்வதற்கு ஒப்பானது. பிடியையும் நிலையையும் கற்றுத்தரும் காணொளிகள் இன்று எந்தக் கைப்பேசியிலும் கிடைக்கின்றன; பொம்மைத் துப்பாக்கியைக் கண்ணாடி முன் நீட்டிப் பழக உரிமம் வேண்டாம்.

கேமராப் பதிவே வீண் என்று நான் சொன்னதாக எழுதிவிடாதீர்கள். 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் கொல்லப்பட்டபோது, இருவர் நடமாடிய கேமராப் பதிவுதான் விசாரணைக்குத் தொடக்கத்தில் கைகொடுத்தது. துப்பாக்கி பிறகு எர்ணாகுளத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஓடையிலிருந்து எடுக்கப்பட்டது. யார் வந்தார்கள், எத்தனை பேர், எந்த உடை, எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பதையெல்லாம் கேமரா சொல்லும். எவ்வளவு கிட்டத்தில் சுட்டார்கள் என்பதைக் காயத்தைச் சுற்றியுள்ள கரியும் வெடிமருந்துத் துகளின் புள்ளிகளும் சொல்லும். எந்தத் துப்பாக்கி என்பதைத் தோட்டா உறையில் பதிந்த ஊசி வடுவும் கொக்கியின் கீறலும் சொல்லும். இவை எதுவும் இரவு ஒன்பது மணி விவாதத்துக்குள் கிடைக்காது என்பது உங்கள் சங்கடம். எங்கள் சங்கடமாக ஏன் ஆக்குகிறீர்கள்?

சட்டம்கூட இவ்வளவு தாராளமாக இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. 39ஆம் பிரிவு வல்லுநர் கருத்தை ஏற்கிறது என்றாலும், அவருக்கு அந்தத் துறையில் தனித் தேர்ச்சி இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். “எத்தனை புள்ளியில் கட்டைவிரலைப் பார்த்தீர்கள் ஐயா?” என்பது முதல் கேள்வியாக இருக்கும். உங்கள் மேடையில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

இன்னொன்றும் உண்டு, அது எனக்குக் கோபமே தருகிறது. முதுகுக்குப் பின்னால் வந்து, ஆயுதம் இல்லாத மனிதரைக் கிட்டத்தில் நின்று சுட்டவனை ‘கைதேர்ந்தவன்’, ‘துல்லியமானவன்’, ‘நிதானமானவன்’ என்று ஓர் இரவு முழுவதும் வர்ணித்தீர்கள். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த கடைக்காரரின் மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் அந்தத் துண்டுக் காட்சியை, உங்கள் இசையோடு சேர்த்து, ஸ்டேட்டஸாக வைத்திருந்தார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயங்கள் அல்ல. படத்தை ஓட்டுங்கள், ஆனால் அது மூலப் பதிவா, செல்போனில் எடுத்த நகலா என்று திரையில் எழுதுங்கள். இயல்பான வேகத்தில் ஓட்டுங்கள். யாரையாவது வல்லுநர் என்று உட்கார வைத்தால், அவர் எந்த ஆயுதத்தோடு எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்பதைப் பெயருக்குக் கீழே போடுங்கள். ‘பாதுகாப்பு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மாநகராட்சிக் காவலாளி முதல் தளபதி வரை எல்லாரும் அடங்குவார்கள். “பயிற்சி பெற்றவன்” என்று அவர் சொன்ன அடுத்த நொடியில் நெறியாளர் “எதை வைத்து?” என்று ஒரு கேள்வி கேட்கட்டும். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன் என்று சொல்ல வண்டி எண்ணோ, சோதனைச் சாவடிப் பதிவோ, ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும். வாளையாறு, கோபாலபுரம், வேலந்தாவளம் வழியாக அன்றாடம் வேலைக்கும் சந்தைக்கும் கல்லூரிக்கும் போய் வருகிறவர்கள் நாங்கள். நீங்கள் கும்பல் என்று சொன்ன மறுநாள் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பையைத் திறக்கச் சொல்வது எங்களைத்தான்.

கடைசியாக, உடனடியாகச் செய்ய முடிந்த ஒன்று. அந்த இரவின் விவாதம் உங்கள் யூடியூப் பக்கங்களில் இன்னும் இருக்கிறது. ‘கொலையாளி முன்னாள் ராணுவத்தினனா? ரைஃபிள் கிளப் தொடர்பா?’ என்று மேலே எழுதி, மங்கலாக்கிய முகத்தோடு பச்சை ஜெர்சிப் படம் முகப்பில் நிற்கிறது. சுடப்பட்டவர் உயிரோடு கடை நடத்திக்கொண்டிருக்கும்போது ‘கொலையாளி’ என்று எழுதியதையாவது யாரேனும் கவனித்திருக்கலாம். பையன் அடுத்த மாதம் ஒரு வேலைக்கு நேர்காணல் போகிறான். அதற்குள் அந்தக் காணொளியை நீக்கிவிடுங்கள். நீக்க மனமில்லையென்றால் முகப்புப் படத்தையாவது மாற்றி, கைதானவருக்கும் ரைஃபிள் கிளப்புக்கும் ராணுவத்துக்கும் தொடர்பில்லை என்று முதல் வரியில் போடுங்கள். இணைப்பு முகவரிகளை இரண்டு நிறுவனங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை இரண்டும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆர்மரர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை வழி, பாலக்காடு மாவட்டம்.